கேக் சுடும் அவனில் மண் கம்மல் வேகுமா?
வாசகர் கேள்வி பதில்: கைவினைப் பகுதி

சுடுமண் கம்மல் செய்கிறேன் அக்கா. மொட்டை மாடியில் உமி கொட்டிச் சுட்டால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். வீட்டில் கேக் அவன் இருக்கிறது, 250 டிகிரி வரை போகும். அதிலேயே சுட்டுக்கொள்ளலாமா?
வாசகி, லாஸ்பேட்டை

உமிப் புகைக்கு நானாக இருந்தாலும் சண்டைக்குத்தான் வருவேன், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவனில் சுட முடியாது. 250 டிகிரியில் ஈரம் மட்டும்தான் போகும். மண்துகளுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் நீர் கழன்று போக 500, 600 டிகிரியாவது வேண்டும், அதைத் தாண்டினால்தான் அது மறுபடி கரையாத பொருளாகும். சந்தேகம் இருந்தால் அவனில் வைத்த கம்மலை ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள், காலையில் சேறாகக் கிடக்கும். இதன் மேல் வார்னிஷ் அடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், வாங்கினவர் ஒரு மழையில் நனைகிற வரைக்கும்தான் அந்தப் பளபளப்பு.

ஆனால் அவன் வேறொன்றுக்கு உதவும். உள்ளே ஈரம் இருக்கும் மண்ணை நேராக நெருப்பில் வைத்தால் நீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் கம்மலை வெடிக்க வைக்கும். நிழலில் நன்றாக உலர்ந்ததை 80, 90 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடுங்கள், பாதி உடைசல் குறையும். அப்புறம் சூட்டுக்கு வில்லியனூர் பக்கம் சூளை வைத்திருப்பவர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். சாமானை ஒரு சின்ன மண்சட்டியில் போட்டு மூடிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கம்மல் சாம்பலோடு போய்விடும். சூளைக் கூலி கேட்டால் பேரம் பேசாதீர்கள், விறகு விலை அவருக்குத்தான் தெரியும்.

நெல்லிக்குப்பத்தில் மண் குதிரை செய்கிறேன். ‘வில்லியனூர் சுடுமண்’ என்று போட்டால் நன்றாக விலை போகும் என்கிறார்கள். போடலாமா?
வாசகர், நெல்லிக்குப்பம்

கூடாது. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தந்த இடத்தில் செய்கிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர். உங்கள் குதிரை நன்றாக இருந்தால் நெல்லிக்குப்பம் என்றே போடுங்களேன்.

பழைய தினத்தாளை ஊறவைத்து அரைத்து, மைதா பசை சேர்த்துத் தலையாட்டி பொம்மைகள் செய்தோம். ஐப்பசி மழையில் எல்லாம் பூஞ்சை பூத்துவிட்டது. புளியங்கொட்டைப் பசை போட்டால் பூக்காது என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?
வாசகி, கடலூர் முதுநகர்

மாமியார் சொல்வது பாதி உண்மை. புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் வரும் பசைக்கு மைதாவை விடப் பிடிமானம் அதிகம், காய்ந்ததும் பொம்மை கல் மாதிரி இருக்கும். ஆனால் ஈரம் கிடைத்தால் அதிலும் பூஞ்சை வரும். பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை போடுவது பழைய பழக்கம்தான், போஸ்டர் ஒட்டுகிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். அது விஷம். குழந்தை வாயில் வைக்கிற பொம்மையில் கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் கலந்தால் பாத்திரத்தையே அரிக்கும், அதனால் பழைய பிளாஸ்டிக் மக்கில் கலந்து, அந்த மக்கை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் துத்தத்தை விட்டுவிட்டு கிராம்புத் தைலம் நாலு சொட்டு விடுங்கள்.

என் கணக்கில் உங்கள் பொம்மை பசையால் கெடவில்லை, அவசரத்தால் கெட்டது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதன் மேல் பெயின்ட் அடித்தால் அந்த ஈரம் போக வழியே இல்லை. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமா, சமையலறைத் தராசில் இன்றும் நாளையும் நிறுத்துப் பாருங்கள், எடை குறைந்துகொண்டே வந்தால் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். நம் ஊர் கடல் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். கூழ் பொம்மைக்கு மாசி முதல் ஆனி வரை வெயிலை வாங்கிக்கொள்ளுங்கள், அது காசு கேட்காது.

கொட்டாங்குச்சியில் கரண்டி, கிண்ணம் செய்கிறேன். பாலிஷுக்கு எந்த வார்னிஷ் நல்லது?
வாசகர், அரியாங்குப்பம்

சாப்பிடுகிற சாமானுக்கு வார்னிஷ் வேண்டாம். நாரை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிவிட்டு (கையில் தடிமனான துணி சுற்றிக்கொண்டு), உப்புத்தாள் 80, 120, 220, 400 என்று (எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும்) படிப்படியாகத் தேயுங்கள். 80-லிருந்து நேராக 400-க்குத் தாவினால் கீறல் அப்படியே நிற்கும். கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேயுங்கள், கருப்பு மின்னும். தேய்க்கும் தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் சுடுமண் நகை கிட் ஆயிரம் ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். வாங்கலாமா? கல்லூரிப் பெண், கையில் அவ்வளவு இல்லை.
வாசகி, பாகூர்

வேண்டாம் பாப்பா. கம்மல் கொக்கி, கம்பி, அக்ரிலிக் கலர் நாலு, மெல்லிய பிரஷ் இரண்டு, இவ்வளவுதான் கடைச் சாமான். கோலம் கீற தென்னை ஈர்க்கு, துளை போடத் தீர்ந்துபோன பேனா ரீஃபில், மண்ணைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு சோழி. மண்ணை ஏரியில் போய் வெட்டாதீர்கள், பானை செய்கிறவரிடம் ஒரு கூடை விலைக்குக் கேளுங்கள். தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கின மண்ணைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் எடுத்து, சப்பாத்தி மாவை விட நன்றாகவே அடித்துப் பிசைந்து காற்றை எடுத்துவிடுங்கள். மிச்சத்தை ஈரத்துணி சுற்றி மூடி போட்ட டப்பாவில் வைத்தால் மாசக்கணக்கில் வரும்.