வானொலி என்றால் ஆர்.ஜே. வேலை மட்டும்தானா?

பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன், குரல் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் ஆர்.ஜே. ஆக எல்லோருக்கும் இடம் கிடைக்காதே, வானொலியில் வேறு என்ன வேலை உண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாகத் தனியார் பண்பலை ஒன்றில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

காலை நிகழ்ச்சியில் நேயர் காதில் விழுவது ஒரு குரல்தான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று அட்டவணை போட ஒருவர், எந்த விளம்பரம் எத்தனை மணிக்கு என்று வரிசைப்படுத்த ஒருவர் (இதை 'டிராஃபிக்' என்போம்), சவுண்ட் இன்ஜினியர், விளம்பரம் பிடித்து வரும் சேல்ஸ் ஆட்கள் என்று பின்னால் ஒரு கூட்டமே வேலை செய்கிறது. தமிழ் படித்த உங்களுக்கு விளம்பர வசனம் எழுதும் வேலையைத்தான் முதலில் சொல்வேன். ஜவுளிக்கடையின் பெயர், தெரு, தள்ளுபடி எல்லாம் இருபது நொடிக்குள் அடங்க வேண்டும். கேட்கவும் நன்றாக இருக்க வேண்டும். அப்படி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

செய்தி வாசிக்க ஆசை என்றால் தனியார் பண்பலை சரிவராது. அங்கே சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. அரசு வானொலியான ஆகாசவாணிதான் வழி. அங்கே தற்காலிகச் செய்தி வாசிப்பாளர் பணிக்கு எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு எல்லாம் உண்டு. தேறினாலும் மாதத்துக்குச் சில நாள் பணிதான், அதனால் கையில் இன்னொரு வேலை இருக்கட்டும்.

நான் தொழில் கற்றது ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில், அதாவது சுற்றுவட்டார மக்களுக்காக லாப நோக்கில்லாமல் நடத்தும் சிறு வானொலியில். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த வழி அது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' இருக்கிறது. இப்படிப்பட்ட வானொலிக்குச் சிறிய டிரான்ஸ்மிட்டர், சில கிலோமீட்டர் எல்லை, அவ்வளவுதான். ஆனால் எல்லா வேலையையும் நீங்களே செய்வீர்கள்.

அந்தக் கல்லூரி வானொலியில் ஒருமுறை கீரை விற்கும் அம்மாவிடம் நாற்பது நிமிடம் பேட்டி எடுத்து, ஏழு நிமிடமாகச் சுருக்கினேன். இழுத்தது, தயங்கியது, 'அதான் தம்பி' என்றது, எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். கேட்டுப் பார்த்த சீனியர் அக்கா, "அவங்க மூச்சையும் சேர்த்து வெட்டிட்டியே தம்பி" என்றார். அன்று இரவு உட்கார்ந்து, கணவரைப் பற்றிப் பேசும் முன் அந்த அம்மா விட்ட மூன்று நொடி மௌனத்தைத் திரும்ப வைத்தேன். பின்னணியில் கீரைக்கட்டின் மேல் தண்ணீர் தெளிக்கும் சத்தத்தையும் விட்டுவைத்தேன். எனக்குத் தயாரிப்பு வேலை பிடித்துப்போனது அன்றுதான்.

அதனால் வேலை கேட்டுப் போகும்போது, பிரபல ஆர்.ஜே. போலப் பேசிய டெமோவை அனுப்பாதீர்கள். உங்கள் தெருவில் யாரிடமாவது நேரில் பேட்டி எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனிலேயே பதிவு செய்யுங்கள். மூன்று நிமிடமாகத் தொகுத்து, கூடவே நீங்கள் எழுதிய இரண்டு விளம்பர வசனத்தையும் வைத்து அனுப்புங்கள். எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் அப்படி வந்தால் நான் முழுசாகக் கேட்காமல் விடுவதில்லை.