படையோடு பாயில் இறங்காதே, தம்பி

கேள்வி: அண்ணா, எனக்கு 22 வயது, செம்பனை ஆலையில் வேலை. வாரத்தில் மூன்று ராத்திரி டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், பாயில் கட்டிப் புரண்டு மல்லுக்கட்டும் ஜூஜிட்சு பழகுகிறேன். கழுத்தில் வட்டமாகப் படை வந்தது. கூட்டாளி கொடுத்த கிரீமைப் போட்டேன், மூன்றே நாளில் அடங்கியது, விட்டதும் முன்பைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அடுத்த மாதம் போட்டி இருப்பதால் மேலே டேப் ஒட்டிக்கொண்டு பழகலாமா? போன வாரம் ஒருவர் என் குதிகாலைப் பிடித்து முறுக்கியபோது முட்டியில் 'டொக்' என்று சத்தமும் கேட்டது. – வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: டேப் ஒட்டி மறைக்காதே தம்பி. முதலில் அந்தக் கிரீம் டியூபைத் திருப்பிப் படி. பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அது அமுக்கிவிடும், படையை உண்டாக்கும் பூஞ்சை அது பாட்டுக்குப் பரவும், அதனால்தான் நல்லாகிவிட்ட மாதிரி தெரிந்து திரும்பவும் கிளம்பியது. அதை நிறுத்திவிட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போய்க் காட்டு, 1 வெள்ளிதான் செலவு. பெரும்பாலும் குளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபைன் கொடுப்பார்கள். வட்டத்தோடு நிற்காமல் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் வரை பூசு, படை மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் விடாமல் பூசு. கண்ணுக்குத் தெரியவில்லை என்று பாதியில் விடுகிறவர்களுக்குத்தான் இது திரும்பத் திரும்ப வருகிறது.

அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில், உடம்பில் படை இருந்தால் குறைந்தது 72 மணி நேரம் மருந்து போட்ட பிறகுதான் களத்தில் விடுவார்கள், தலையில் இருந்தால் 14 நாள். உன் மாடியில் அப்படி விதி இல்லாவிட்டாலும் நீயே வைத்துக்கொள், மாஸ்டரிடமும் சொல்லிவிடு. கழுத்தோடு கழுத்து உரசும் விளையாட்டு இது, உன்னிடமிருந்து போகிற பூஞ்சை இன்னொருவர் வீட்டுக் குழந்தை வரைக்கும் போகும். பழகி முடித்ததும் காப்பிக்கடையில் உட்கார்ந்துவிடாமல் உடனே சோப்புப் போட்டுக் குளி. நனைந்த உடுப்பை மோட்டார் பெட்டியில் மறுநாள் வரை வைக்காமல் ஒவ்வொரு தடவையும் துவைத்து வெயிலில் போடு. வெறுங்காலோடு கழிவறைக்குப் போய்விட்டு அதே காலோடு பாயில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

இன்னொன்று, கட்டி மாதிரி சிவந்து, சூடாக, தொட்டால் வலிக்கிற மாதிரி ஏதாவது வந்தால் அது படை இல்லை. கிள்ளாதே, அமுக்காதே, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்.

முட்டி விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை. குதிகாலை முறுக்கும்போது பாரம் போய் விழுவது முட்டியின் தசைநாரில், வலி தெரிகிற நேரத்தில் அது கிழிந்தே போயிருக்கலாம். அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காதே, பிடி விழுந்ததும் 'விட்டுவிடு' என்று கையால் தட்டிவிடு. சத்தம் கேட்ட சில மணி நேரத்தில் முட்டி வீங்கியதா? நடக்கும்போது மடங்கிக்கொள்கிறதா? ஆம் என்றால் டாக்டர் பார்க்கும் வரை பயிற்சி வேண்டாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் எண்ணெய் போட்டு உருவவும் விடாதே.

நான் ஜூடோ பழகிய காலத்தில் காது அடிபட்டு ரத்தம் கட்டியது. முதல் சில நாளுக்குள் அதை எடுத்து அழுத்திக் கட்டுப்போட்டிருந்தால் சரியாகியிருக்கும். போட்டி முடியட்டும் என்று பத்து நாள் விட்டேன். இன்றைக்கும் அந்தக் காது கல் மாதிரி சுருண்டுதான் இருக்கிறது.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஜூடோ போட்டிக்கு ஒரே வாரத்தில் 3 கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தோட்டத்துச் சாலையில் ஓடுகிறாள். – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படித்தான் எடை குறைக்கப் போய் ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். காற்றுப் புகாத உடுப்பைப் போட்டுக்கொண்டு வியர்வை சிந்தியவர்கள் அவர்கள், அதற்கப்புறம்தான் அங்கே அந்த உடுப்புக்குத் தடை வந்தது. நம் ஊர் வெயிலில், வளர்கிற பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம். ஒரு எடைப் பிரிவு மேலே சேரட்டும், தோற்றாலும் பரவாயில்லை. மாஸ்டரிடம் நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள்.