கட்டிப்போட்ட கப்பலுக்கு வயதாகுமா?

கேள்வி: அமெரிக்காவில் ராணுவச் சரக்குக்காகவே சில கப்பல்களை வருஷக்கணக்கில் சும்மா கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்களாமே, கப்பலில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சொன்னான். இரண்டு மாத மழைக்கு ஷெட்டில் நின்ற எங்கள் ஜீப்பே கிளம்ப மாட்டேன் என்கிறது. அந்தக் கப்பல்கள் எத்தனை வருஷம்தான் தாங்கும்?
- ஒரு வாசகர், அருவங்காடு

பதில்: சும்மா நின்றாலும் வயதாகும், உங்கள் ஜீப்பே சாட்சி. வாடகைக்கு ஓடும் சரக்குக் கப்பல் 25, 30 வருஷத்தில் உடைக்கப் போய்விடும். இவை ஓடுவது குறைவு என்பதால் 40, 50 வயதிலும் பட்டியலில் நிற்கின்றன. தேய்மானத்தைவிட ஈரம்தான் எதிரி. இங்கே ஆடி மாதம் பீரோவில் வைத்த லெதர் செருப்பு பூஞ்சை பூத்துக் கிடக்குமே, அதே கதைதான். அதனால் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களை ஓடவிட்டு உள்ளே காற்றை உலர்வாக வைக்கிறார்கள். உத்தரவு வந்தால் 5 நாளில் கிளம்ப வேண்டிய கப்பல்களில் சுமார் 10 பேர் எப்போதும் காவலும் பராமரிப்பும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் சீலேண்ட் என்ற அமெரிக்க சரக்குக் கப்பல் கம்பெனிக்காக 1972-73இல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கட்டிய 8 கப்பல்கள். வேகம் 33 நாட், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், குன்னூர் மலைப்பாதையில் நம் பஸ்கூட அப்படிப் போகாது! ஆனால் எண்ணெய் விலை ஏறியதும் அவை குடித்த எண்ணெய்க்குக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை, 1981-82இல் கடற்படை வாங்கிக்கொண்டது. 1990 ஆகஸ்டில் வளைகுடாவுக்குத் தளவாடங்களோடு போனபோது, இந்த எட்டில் ஒன்றான அன்டாரெஸ் மட்டும் அட்லாண்டிக் நடுவே படுத்துவிட, ஸ்பெயினின் ரோட்டா துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள். 2007இல் இந்த எட்டும் ரிசர்வ் கப்பல்களைப் பார்க்கும் கடல்வாணிப நிர்வாகத்திடம் போய்ச் சேர்ந்தன.

சரி, இரும்பைத் தட்டி, பெயின்ட் அடித்து ஆயுளை நீட்டிவிடலாம். ஆள்? இவை நீராவி டர்பைன் கப்பல்கள், உலகத்துக் கப்பல்களெல்லாம் டீசலுக்குப் போய்விட்ட பிறகு பாய்லர் தெரிந்த இன்ஜினியரை எங்கே போய்த் தேடுவது? நாம் கொடுத்துவைத்தவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இன்னும் நீராவி இன்ஜின்தான் தள்ளிக்கொண்டு ஏறுகிறது, அந்தக் கைப்பழக்கமும் ஷெட்டில் இருக்கிறது, பொன்மலைப் பணிமனையில் புது இன்ஜினே கட்டித் தந்தார்கள்.

அப்புறம் உங்கள் ஜீப்: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஷெட்டுக்குள்ளேயே உறுமவிடாமல் வெல்லிங்டன் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். முடியாத மாதங்களில் பேட்டரி வயரையாவது கழற்றி வையுங்கள்.