அட்டாரி 800-இல் பிளேயரை மேலும் கீழும் நகர்த்துவது மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

கேள்வி இதுதான்: அட்டாரி 800 என்ற பழைய வீட்டுக் கணினியில் பிளேயரை (ஆட்டத்தில் நகரும் உருவம்) இடவலமாக நகர்த்த, 53248 என்ற நினைவக முகவரியில் ஒரு போக் (பேசிக் மொழியில் நினைவகத்தில் ஒரு எண்ணை எழுதும் கட்டளை) போதும். மேலே கீழே நகர்த்த மட்டும் நினைவகத்தில் பைட்டுகளை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. யார் இப்படி வடிவமைத்தார்கள்?

பழி முழுக்க 1977-இல் வந்த அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டி மேல்தான். 800 கணினியாகக் கடைக்கு வந்தது 1979-இல் என்றாலும், அதன் சிப்களை முதலில் 2600-க்கு அடுத்த விளையாட்டுப் பெட்டிக்காகத்தான் யோசித்தார்கள். இரண்டிலுமே சிப் வடிவமைப்பாளர் ஜே மைனரின் கை உண்டு.

2600-இல் திரையில் படம் காட்டும் டிஐஏ சிப், பாங், டேங்க் மாதிரியான ஆட்டங்களை மனதில் வைத்துச் செய்தது: இரண்டு பிளேயர், இரண்டு மிசைல் (குண்டு), ஒரு பந்து. அந்தப் பெட்டியின் மொத்த ராமே 128 பைட்தான், படத்தைச் சேமிக்க இடம் ஏது? அதனால் பிளேயர் என்பது வெறும் 8 பிட் ரிஜிஸ்டர் (சிப்புக்குள் ஒரே ஒரு பைட் பிடிக்கும் சேமிப்பிடம்), திரையின் ஒரு வரிக்கு மட்டும். அடுத்த வரி தொடங்குவதற்குள் புரோகிராமர் அதில் புதுப் பைட்டைப் போட்டாக வேண்டும். வரிக்கு சிபியுவின் 76 சைக்கிள்தான் (கடிகாரத் துடிப்பு) கிடைக்கும். அதற்குள் பின்னணியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அதில் ஆட்டம் எழுதியவர்களைக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

800-இல் இந்த வரிக்கு வரி எழுதும் எடுபிடி வேலையைத்தான் ஆன்டிக் என்ற தனி சிப்பிடம் தள்ளிவிட்டார்கள். டிஸ்ப்ளே லிஸ்ட் என்று தனக்கென ஒரு நிரலே வைத்து ஓடும் சிப் அது. என்னைக் கேட்டால் அதையும் ஒரு ப்ராசஸர் என்றுதான் சொல்வேன். வண்ணம் தீட்டும் சிடிஐஏ சிப்போ டிஐஏவின் நேர் வாரிசு. பிளேயர் நான்கு, மிசைல் நான்கு என்று பெருகியதே தவிர, பிளேயர் அதே 8 பிட் ரிஜிஸ்டர்தான். ஒவ்வொரு வரியிலும் ஆன்டிக் நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை எடுத்து அதில் போடுகிறது, அவ்வளவே.

ஆக, உங்கள் பிளேயர் திரையின் முழு உயரத்துக்கும் நிற்கும் ஒரு பட்டை. இடவல இடத்துக்கு ரிஜிஸ்டர் உண்டு, மேல்கீழ் இடத்துக்குக் கிடையாது. பட்டைக்குள் படத்தை நீங்கள்தான் ஏற்றி இறக்க வேண்டும். பேசிக்கில் லூப் போட்டுச் செய்தால் உருவம் ஊர்ந்து ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

ஆன்டிக் சும்மா வேலை செய்வதில்லை, சிபியுவின் சைக்கிள்களைத் திருடித்தான் செய்கிறது. எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருள்) போக் 559,0 கொடுத்துப் பாருங்கள். திரை அணைந்துவிடும், பேசிக் நிரல் சட்டென்று வேகமெடுக்கும். 34 கொடுத்தால் திரை திரும்பிவிடும்.

1982-இல் வந்த கமடோர் 64 கணினியில் ஸ்பிரைட்டின் (அங்கே பிளேயர் போன்ற உருவத்துக்குப் பெயர்) மேல்கீழ் இடத்துக்கும் ரிஜிஸ்டர் வைத்துவிட்டார்கள். மைனரும் பிறகு அமிகா கணினியில் அந்த வசதியைக் கொடுத்தார். 800-இல் இருக்கும் உங்களுக்கு வழி, நகர்த்தும் பகுதியை மட்டும் மெஷின் லாங்குவேஜில் எழுதுவது. இல்லாவிட்டால் பேசிக்கிலேயே ஒரு ஸ்ட்ரிங் மாறியைப் பிளேயர் நினைவகத்தின் மேல் உட்காரவைத்து, ஸ்ட்ரிங்கை மாற்றுவது. பின்னதே ஓரளவு வேகமாக ஓடும்.