பர்மிட் எந்த மைல் வரை?

கேள்வி: ஏப்ரல் முதல் வாரம் குடும்பத்தோடு சிக்கிமில் உள்ள காங்டாக் போகிறோம். மொத்தம் 6 பேர், அம்மாவுக்கு 68 வயது. சாங்கு ஏரி, சீன எல்லையில் உள்ள நாதுலா கணவாய் இரண்டும் பேக்கேஜில் உண்டு. 2023-இல் அந்தப் பாதையில் பனிச்சரிவில் சுற்றுலா வந்தவர்கள் இறந்ததைப் படித்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். ஏஜென்ட்டோ, "புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவியை வாடகைக்குத் தருகிறோம், கவலையே வேண்டாம்" என்கிறார். போகலாமா? (கோவை வாசகர்)

பதில்: போகலாம். கருவி வேண்டாம்.

அந்தக் கருவி புதைந்தவரிடம் மட்டும் இருந்து பயனில்லை. வெளியே நிற்பவரிடமும் ஒன்று வேண்டும், கூடவே துழாவும் கம்பியும் மண்வாரியும் வேண்டும், மூன்றையும் கையாளப் பழகியிருக்க வேண்டும். முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன்பின் மூச்சு முட்டியே பலர் போய்விடுகிறார்கள். சரிந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிவிடும், கையால் தோண்டவே முடியாது. உங்கள் 6 பேரில் யார் தோண்டப்போவது? அந்த வாடகைப் பணத்துக்கு மோமோ வாங்கிச் சாப்பிடுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி அங்கே 7 பேர் இறந்தார்கள். காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில் பர்மிட் (அனுமதிச்சீட்டு) 13-ஆவது மைல் வரைதான் கொடுக்கப்பட்டிருந்தது, ஆட்கள் 15-ஆவது மைல் பக்கம் போய்விட்டார்கள் என்று போலீஸ் தரப்பில் அப்போது சொன்னார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நாதுலா சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடையாது. (உங்கள் ஏஜென்ட் நாதுலாவுக்கு எந்தக் கிழமை போட்டிருக்கிறார் என்று இப்போதே பாருங்கள். திங்கட்கிழமைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.) 13 வரை அனுமதி உள்ள வண்டி 15-க்கு எப்படிப் போகிறது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஆகவே பர்மிட்டைக் கையில் வாங்கி, எதுவரை என்று நீங்களே படியுங்கள். "மேலே இன்னும் நல்ல பனி இருக்கு சார், தலைக்கு ஐநூறு கொடுங்க" என்று டிரைவர் சொன்னால், அந்த நல்ல பனிதான் கீழே வரும் பனி.

சரிவைக் கண்ணால் பார்க்கவும் கொஞ்சம் பழகுங்கள். உங்கள் வீட்டு மாடிப்படியின் சாய்வு 30, 35 டிகிரி இருக்கும். அந்தச் சாய்வு முதல் 45 டிகிரி வரை உள்ள மலைச்சரிவுதான் ஆபத்து. அதைவிட மிகச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். முறத்தில் ரவையைப் பரப்பி, மேலே ஒரு பலகையை வைத்துச் சாய்த்துப் பாருங்கள். ரவை நகர்ந்தால் பலகை மொத்தமாக வழுக்கும். பழைய தளர்ந்த பனிமேல் புதுப்பனி உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான். சினிமாவில் காட்டுவது போலக் கத்தினால் சரியாது. மேலே கூடும் எடைதான் சரிக்கிறது. அதனால் பனி கொட்டி முடிந்த மறுநாள், வானம் நீலமாக, போட்டோவுக்கு வாகாக இருக்கிறதே, அந்த நாளில் மேலே போக வேண்டாம். ஏப்ரலில் இன்னொன்று: வெயில் ஏற ஏறப் பனி நனைந்து கனக்கும். காலையிலேயே போய், மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். ஒருமுறை சாலையோரம் எலுமிச்சை அளவு பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்து விழுவதைப் பார்த்தேன். பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அது மேலே பனி இளகுகிறது என்பதற்கான அறிகுறி, உடனே கிளம்ப வேண்டும்.

எச்சரிக்கை வருமே என்பீர்கள். வரும். பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ-வின்கீழ் பனிச்சரிவை ஆராயும் டிஜிஆர்இ அமைப்பு, மாவட்டத்தைச் சொல்லி, இத்தனை மீட்டருக்கு மேல் ஆபத்து என்று அறிவிக்கும். நீங்கள் நிற்கும் வளைவு எத்தனை மீட்டர் என்று உங்களுக்குத் தெரியுமா? ஓட்டல்காரரிடம் கேட்டால் அவர் அடிக்கணக்கில் சொல்வார். கோவைக்காரருக்குப் புரிகிறபடி யாராவது எழுதினால் என்ன?

திரும்பிவிடுங்கள் என்று சொல்வது சுலபம். முன்னால் சாலை அடைத்து, பின்னால் வண்டி வரிசை நின்றுவிட்டால் திரும்ப முடியாது. அப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மலை உள்வாங்கி, ஓடை இறங்கும் வளைவில் நிற்கக் கூடாது, பனி வரும் வழி அது. அங்கே பெரிய மரம் இருக்காது, புதர்களெல்லாம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். மலை வெளியே துருத்தும் இடம்வரை வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள். டிரைவர் முறைத்தால் முறைக்கட்டும். நகர வழியே இல்லையென்றால் இறங்கி வேடிக்கை பார்க்காமல் உள்ளேயே பெல்ட் போட்டு உட்காருங்கள், ஒருமுறை சரிந்த இடத்தில் மறுபடியும் சரியலாம். வண்டியைப் பனி மூடிவிட்டால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும், புகை உள்ளே வந்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். விளக்கு எரியட்டும்.

அம்மாவுக்குப் பனிச்சரிவைவிட உயரம்தான் கவலை. சாங்கு ஏரியே 12,000 அடிக்கு மேல். டாக்டரிடம் கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள்.

கடைசியாக, மேலே பாதை மூடினால் அன்றைய பணம் திரும்ப வரும், அல்லது ரும்டெக் மடாலயம் போன்ற இடத்துக்குக் கூட்டிப் போவோம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பணம் போகிறதே என்றுதான் பலர் "வந்தது வந்தோம், கொஞ்சம் மேலே" என்கிறார்கள். எழுத மறுத்தால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள்.