4/9: பயப்படும் முன் கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. இரைப்பைப் புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கு முன் ஆபரேஷன் செய்து வயிற்றின் பெரும்பகுதியை எடுத்தார்கள். அதற்கு முன் கீமோ எதுவும் கொடுக்கவில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘பிடி3, பிஎன்2, நோடு 4/9’ என்று இருக்கிறது. மூன்றாம் நிலையாம். இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. அப்பா எத்தனை வருஷம் இருப்பார்? தெரிந்தவர் ஒருவர், நெறிக்கட்டிக்கென்று ‘செல் தெரபி’ இருக்கிறது, 6 லட்சம் ஆகும், ரிப்போர்ட்டையும் பிளாக்கையும் (எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி) கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், சிவகாசி

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கவலை மேலே இருக்கும் 4. ஆய்வகத்தில் உட்கார்ந்து, எடுத்த திசுவைப் பரிசோதிக்கும் டாக்டரான எனக்குக் கவலை கீழே இருக்கும் 9. 4/9 என்றால் ஒன்பது முடிச்சுகளைப் பார்த்ததில் நான்கில் புற்று இருந்தது என்று அர்த்தம்.

இரைப்பையை விட்டுக் கிளம்பும் புற்றுச் செல்கள் பெரும்பாலும் முதலில் போய்த் தங்குவது சுற்றியுள்ள கொழுப்பில் புதைந்திருக்கும் நிணநீர் முடிச்சுகளில்தான். ரிப்போர்ட்டில் ‘நோடு’ என்பதும், நீங்கள் நெறிக்கட்டி என்பதும் இவைதான். பிடி3 என்பது புற்று வயிற்றுச் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது. பிஎன் என்பது முடிச்சுக் கணக்கு, எத்தனையில் புற்று ஏறியிருக்கிறது என்று எண்ணிச் சொல்கிறோம். ஒன்றிரண்டில் என்றால் என்1. 3 முதல் 6 வரை என்2, 7 முதல் 15 வரை என்3ஏ, 16-ம் அதற்கு மேலும் என்3பி. இப்படி எண்ணிச் சொல்வதற்கு எண்ணும் அளவுக்கு முடிச்சுகள் கையில் இருக்க வேண்டும் அல்லவா? குறைந்தது 16 பார்க்க வேண்டும், 30 பார்த்தால் நல்லது என்பது விதி. ஒன்பதே முடிச்சுகளைப் பார்த்துவிட்டு என்3பி இல்லை என்று எப்படிச் சொல்வது? உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள என்2-ஐ ‘குறைந்தபட்சம் என்2’ என்று படியுங்கள்.

அந்த 9 எப்படி வந்தது? ஒன்று, சர்ஜன் குறைவாக எடுத்திருக்கலாம். இல்லை, எங்கள் ஆட்கள் குறைவாகத் தேடியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டி2’ (D2, பிடி3-ல் வரும் டி வேறு) என்று எழுதியிருந்தால், அதாவது வயிற்றை ஒட்டிய முடிச்சுகளோடு பின்னால் போகும் ரத்தக்குழாய்களைச் சுற்றியிருப்பதையும் எடுத்திருந்தால், கொழுப்பில் ஒன்பதுக்கு மேல் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தேடுவது எப்படி என்று தெரிந்தால்தான் இது புரியும். எடுத்த வயிறு மஞ்சள் கொழுப்போடு, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறி எங்கள் மேஜைக்கு வரும். கொழுப்பைத் தோசைக் கனத்துக்குச் சீவி, ஒவ்வொரு துண்டையும் விரல் நுனியில் உருட்டிப் பார்க்க வேண்டும். மொச்சைக்கொட்டை அளவு முடிச்சு எவர் கைக்கும் சிக்கும். மிளகளவு இருப்பதற்குப் பொறுமை வேண்டும், கடுகளவு இருப்பதற்குப் பழகிய விரல் வேண்டும். புற்று மொச்சையைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று நினைக்காதீர்கள், கடுகளவிலும் இருக்கும். ஒழுங்காகச் செய்தால் ஒரு வயிற்றுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. பித்தப்பைக்கும் புற்று வந்த வயிற்றுக்கும் ஒரே வேகத்தில் ரிப்போர்ட் கேட்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆய்வகத்துக்கு, முழு வயிற்றை ஒரு லிட்டர் ஊறுகாய் டப்பாவில் அடைத்து, மேலே ஒரு கரண்டி ஃபார்மலின் ஊற்றி, நோயாளியின் மருமகன் கையில் கொடுத்து பஸ்ஸில் அனுப்பியிருந்தார்கள். திசுவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும் என்பது முதலாமாண்டுப் பாடம். திறந்தபோது உள்பக்கம் அழுகியிருந்தது. அதில் எதை எண்ணுவது?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மீதிக் கொழுப்பில் மறுபடி தேடி இன்னும் 8 கிடைக்கிறது, எதிலும் புற்று இல்லை என்று வைத்துக்கொள்வோம். 4/17. அதே என்2தான், ஆனால் கிட்டத்தட்டப் பாதியாக இருந்த விகிதம் கால்வாசிக்கும் கீழே வந்துவிட்டது. அந்த எட்டில் மூன்றில் புற்று இருந்தால் 7/17, என்3ஏ. அப்போது நோயின் மொத்த நிலை (முடிச்சுக் கணக்கான என்3ஏ, என்3பி வேறு) 3ஏ-யிலிருந்து 3பி ஆகிவிடும். எப்படி வந்தாலும் கீமோ மாறப்போவதில்லை. அதனால் இதற்காகக் கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆரம்பிப்பது வழக்கம். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

எத்தனை வருஷம்? ஒரு மனிதருக்கு அதைச் சொல்லக்கூடிய டாக்டர் கிடையாது. நூறு பேரில் எத்தனை பேர் என்று மட்டுமே சொல்ல முடியும். கொரியா, சீனா, தைவானில் டி2 ஆபரேஷன் முடிந்த இரண்டாம், மூன்றாம் நிலை நோயாளிகளை வைத்து நடத்திய, ‘கிளாஸிக்’ என்று பெயரிட்ட ஆய்வில், ஆறு மாதம் கீமோ எடுத்தவர்களில் ஐந்து வருஷம் கழித்து 78 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோ இல்லாதவர்களில் 69. இதை அப்படியே அப்பாவுக்குப் பொருத்தாதீர்கள், அங்கே முடிச்சுகளை ஒழுங்காக எடுத்து எண்ணியிருந்தார்கள். கால்குலேட்டர் சமாச்சாரமும் அப்படித்தான். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2003-ல் வெளியிட்ட கணிப்பு முறை, புற்று இருந்த முடிச்சுகளோடு புற்று இல்லாத முடிச்சுகளின் எண்ணிக்கையையும் கேட்கும். நீங்கள் 5 என்று போட்டிருப்பீர்கள். அந்த 5 அரைகுறைத் தேடலில் வந்தது. அதை வைத்து வந்த சதவீதத்துக்கு ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?

இங்கே ஒரு விதிவிலக்கு. உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது, ஆனால் இதைப் படித்துவிட்டு வேறு யாராவது தங்கள் ரிப்போர்ட்டோடு சண்டைக்குப் போவார்கள். ஆபரேஷனுக்கு முன்பே கீமோ எடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் ‘ஒய்பிஎன்’ என்று ஒய் எழுத்து முன்னால் நிற்கும். கீமோவில் முடிச்சுகள் சுருங்கி, சில வெறும் தழும்பாகிவிடும். எவ்வளவு தேடினாலும் எண்ணிக்கை குறையலாம், அதற்கு யாரும் குற்றவாளி அல்ல. தழும்பு மட்டும் இருந்து உயிருள்ள புற்றுச் செல் இல்லாவிட்டால் அதைப் புற்று இல்லாத முடிச்சு என்றுதான் எண்ணுவோம். ‘முன்னால் ஸ்கேனில் ஆறு தெரிந்ததே, இப்போது ஒன்று என்கிறீர்களே, மறைக்கிறீர்களா?’ என்று என்னிடம் கத்தியவர்கள் உண்டு. மறைக்கவில்லை ஐயா, மருந்து வேலை செய்திருக்கிறது. ஒய் இருக்கிற ரிப்போர்ட்டையும் இல்லாத ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

அந்தத் தெரிந்தவர் பற்றி. ஆபரேஷன் செய்து எடுத்த முடிச்சுகள் இப்போது மெழுகில் இருக்கின்றன, அவற்றுக்கு எந்த தெரபியும் தேவையில்லை. உடம்பில் கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கக்கூடியதற்குத்தான் கீமோ. ரிப்போர்ட்டைப் படிக்கவே தெரியாதவர் பிளாக்கை ஏன் கேட்கிறார் என்று யோசித்தீர்களா? பிளாக் கைமாறினால் நீங்கள் அவர் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். நாளைக்கு ஹெர்2 மாதிரி, எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்கும் ஒரு சோதனை செய்ய வேண்டுமென்றால் அந்த மெழுகுக் கட்டிதான் ஆதாரம். வேறு பெரிய மருத்துவமனையில் இரண்டாம் கருத்துக் கேட்க விரும்பினால் நீங்களே ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொண்டுபோய், திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஆய்வகத்தில் ரிப்போர்ட் எழுதிய டாக்டரை நேரில் பாருங்கள், கவுண்டரில் கேட்டால் வேலைக்காகாது. ‘மீதி வயிறும் கொழுப்பும் ஃபார்மலினில் இருக்கிறதா, இன்னும் முடிச்சு தேடித் தர முடியுமா?’ என்று கேளுங்கள். கோபப்பட மாட்டார், பட்டாலும் பரவாயில்லை. பிளாக்கை வருஷக்கணக்கில் வைத்திருப்போம், மீதியை அப்படி வைப்பதில்லை. பல இடங்களில் சில வாரத்தில் எரிக்க அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கே போங்கள்.