கேள்வி–பதில்: கேள்விக்குறி ஆகிப்போன தமிழ்

கேரள, ஆந்திர எல்லை ஊர்களில் இணையதளம் நடத்துபவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

நகரி வாசகர்: நெசவுத் தொழில்காரர்களுக்காக நானே பிஎச்பி-யில் எழுதிய கருத்துக்களம் ஒன்றை நடத்துகிறேன். ஹோஸ்டிங் மாற்றி டேட்டாபேஸை இம்போர்ட் செய்ததும் பாதிப் பதிவுகள் வெறும் '????' ஆகிவிட்டன. மீதியில் தலைக்குமேல் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள். தமிழ் திரும்புமா, சார்?

கோடு போட்ட எழுத்துகள் திரும்பும். கேள்விக்குறிகள் திரும்பாது. அதனால் முதல் வேலை, பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யாமல் வைத்திருப்பது. கேள்விக்குறி ஆனவற்றுக்கு அங்கே இருக்கும் மூலம்தான் ஒரே மருந்து.

எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'க' என்றால், பைட்டுகளை எழுதும் ஹெக்ஸ் எண்முறையில், ஈ0, ஏஈ, 95. இந்த மூன்றையும் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய அட்டவணை) என்று நினைத்துப் படித்தால் ஒரு 'க' மூன்று ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். சரக்கு கெடவில்லை, லேபிள்தான் மாறியிருக்கிறது. கேள்விக்குறி அப்படியல்ல. லத்தீன்1 அட்டவணைக்குள் தமிழை மாற்றிப் போடச் சொன்னால், அங்கே இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் மைஎஸ்க்யூஎல் (உங்கள் டேட்டாபேஸ் மென்பொருள்) ஒரு '?' எழுதிவைக்கும். அதற்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருக்காது.

எது எந்த வகை என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டேட்டாபேஸைப் பிரவுசரில் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மினில் ஒரு பதிவை எடுத்து ஹெக்ஸ் ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள். ஈ0ஏஈ, ஈ0ஏஎஃப் என்று வந்தால் பைட்டுகள் சரி, டேட்டாபேஸ் அட்டவணையில் அந்தப் பத்தியின் எழுத்துமுறை அமைப்புதான் தப்பு. சி3ஏ0சி2ஏஈ என்று வந்தால் தமிழ் இரண்டு தடவை குறியாக்கப்பட்டிருக்கிறது. 3எஃப்3எஃப் என்றால் போனது போனதுதான்.

முதல் வகைக்கு, டெக்ஸ்ட் வகைப் பத்தியை முதலில் பிளாப் (எழுத்துமுறை பார்க்காமல் வெறும் பைட்டாக வைக்கும் வகை) ஆக மாற்றுங்கள், பிறகு யுடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் ஆக்குங்கள். நீளத்துக்கு எல்லை வைத்த வார்கேர் வகைப் பத்தியென்றால் இடையில் வார்பைனரி. பிளாப் வழியாகப் போகாமல் நேரடியாக 'கன்வெர்ட் டு' போட்டால் முதல் வகை இரண்டாம் வகையாகிவிடும். பலரும் வழுக்கும் இடம் இது. இரண்டாம் வகைக்கு, பத்தியை லத்தீன்1-க்கு மாற்றி, அதை பைனரியாக்கி, அதை யுடிஎஃப்8எம்பி4 என்று படிக்கச் சொல்லும் ஒரே அப்டேட் போதும். ஆனால் சி3ஏ0 உள்ள பதிவுகளுக்கு மட்டும் ஓடும்படி 'வேர்' நிபந்தனை கட்டாயம். நல்ல தமிழின் மேல் அதே கட்டளை ஓடினால் அதுவும் கேள்விக்குறிதான். டேட்டாபேஸ் அட்டவணைக்கு நகல் எடுத்து, நகலில் ஓட்டிப் பார்த்த பிறகே அசலில் கை வையுங்கள்.

பிறகு உங்கள் நிரலுக்கு வாருங்கள். டேட்டாபேஸ் இணைப்பு கிடைத்த அடுத்த வரியிலேயே இணைப்பின் எழுத்துமுறையை யுடிஎஃப்8எம்பி4 என்று சொல்ல வேண்டும். பிஎச்பி-யை மைஎஸ்க்யூஎல்-உடன் இணைக்கும் மைஎஸ்க்யூஎல்ஐ-யில் அதற்கென்றே 'செட் கேர்செட்' இருக்கிறது. வெறும் 'யுடிஎஃப்8' போடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்-இல் அந்தப் பெயருக்கு ஒரு குறியீட்டுக்கு 3 பைட்தான் எல்லை. தமிழும் தெலுங்கும் அதற்குள் அடங்கிவிடுவதால் வருடக்கணக்கில் குறை தெரியாது. ஒருநாள் யாராவது கட்டைவிரல் இமோஜி போடுவார், அது 4 பைட். தப்பான தரவை மறுக்கும் 'ஸ்ட்ரிக்ட் மோட்' அணைத்திருந்தால் அந்த இடத்தோடு பதிவு அறுந்துவிடும், பிழைச்செய்தியும் வராது. மாற்றும்போது 'கீ நீளம் 767 பைட்டைத் தாண்டுகிறது' என்று சர்வர் அடம்பிடித்தால், இண்டெக்ஸ் போட்ட வார்கேர் 255-ஐ 191 ஆக்குங்கள். 191-ஐ 4-ஆல் பெருக்கினால் 764, கணக்கு சரியாகிவிடும்.

செங்கோட்டை வாசகி: ஒரே பக்கத்தில் தமிழும் மலையாளமும் வருகிறது. மலையாளம் வேறு அளவில் நிற்கிறது. தமிழ்த் தலைப்பில் 'கீ', 'மீ' எழுத்துகளின் சுழி மேலே வெட்டுப்படுகிறது.

சுழி வெட்டுப்படுவதற்குக் காரணம் வரி உயரம். ஆங்கில டெம்ப்ளேட்டுகளில் தலைப்புக்கு 1.2 அல்லது அதற்கும் கீழே வைத்து, கூடவே, வெளியே நீட்டுவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்டிருப்பார்கள். தலைப்புக்கு 1.4, உடல் உரைக்கு 1.7 வையுங்கள். லெட்டர்-ஸ்பேசிங் இருந்தால் பூஜ்யமாக்குங்கள். இட்டாலிக் வேண்டாம்; சாய்ந்த தமிழ் எழுத்துரு இல்லாதபோது பிரவுசர் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது.

இரண்டு மொழிக்கும் தனித்தனி எழுத்துரு கொடுங்கள். எழுத்துருவைப் பக்கத்தில் சேர்க்கும் சிஎஸ்எஸ் கட்டளையான ஃபாண்ட்-ஃபேஸில், எந்தக் குறியீடுகளுக்கு அந்த எழுத்துரு என்று சொல்லும் யூனிகோட்-ரேஞ்ச் என்று ஒன்று உண்டு. தமிழுக்கு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, மலையாளத்துக்கு 0டி00 முதல் 0டி7எஃப் வரை. பக்கத்தில் மலையாளமே இல்லையென்றால் அந்தக் கோப்பு இறங்காது, வாசகரின் டேட்டா மிச்சம். இரண்டு ரேஞ்சிலும் 200சி, 200டி ஆகிய கண்ணுக்குத் தெரியாத 'ஜாயினர்' குறிகள் இரண்டையும் சேருங்கள். இல்லாவிட்டால் பழைய முறையில் அடித்த மலையாளச் சில்லெழுத்துகள் (உயிர் சேராத மெய்யின் தனி வடிவங்கள்) உடையக்கூடும். அளவைச் சமன்செய்ய சைஸ்-அட்ஜஸ்ட் போட்டு 90 சதவீதம், 95 சதவீதம் என்று மாற்றிப் பாருங்கள். கேரளத்தின் சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு மலையாளத்துக்கு மஞ்சரியும் தமிழுக்கு மீரா இனிமையும் இலவசமாகத் தருகிறது. ஜோடியாகப் போட்டுப் பாருங்கள்.

பக்கத்தின் மலையாளப் பத்திகளில், மொழியைச் சொல்லும் எச்டிஎம்எல் 'லாங்' பண்பை 'எம்எல்' என்று மாற்ற மறக்காதீர்கள். பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடர் எந்தக் குரலில் வாசிப்பது என்பதை அதைப் பார்த்தும் முடிவு செய்கிறது.

திருத்தணி வாசகர்: கோயில் தகவல் தளம். தேடுபெட்டியில் 'ஸ்ரீகாளஹஸ்தி' போட்டால் சில கட்டுரைகள் வருகின்றன, சில வருவதில்லை. எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

பிழை கண்ணுக்குத் தெரியாது. இந்த எழுத்தை 'ஸ'வில் தொடங்கியும் அடிக்கலாம், 'ஶ'வில் தொடங்கியும் அடிக்கலாம். பிந்தையது 2005-இல், உலக எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டுத் தரமான யூனிகோட் 4.1-இல் சேர்ந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு மட்டும் வேறு வேறு. கட்டுரையைச் சேமிக்கும்போதும் தேடுசொல்லை வாங்கும்போதும் ஒன்றை மற்றதாக மாற்றும் ஒரு வரி போதும். எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் சரி.

'கொ' போன்ற எழுத்துகளிலும் இதே வம்பு உண்டு. ஒற்றைக் குறியாகவும் வரும், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரும். இதை மட்டும், ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி நார்மலைசேஷன் சேர்த்துவிடும். பிஎச்பி-யின் இன்டில் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் தொகுப்பில் அதற்கான நார்மலைசர் இருக்கிறது. ஸ்ரீயை அது தொடாது. மலையாளச் சில்லையும் தொடாது: 2008-இல் வந்த தனிச் சில்லுக் குறியீடும் பழைய ஜாயினர் முறையும் அதன் கண்ணில் வேறு வேறுதான்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: தென்னை விவசாயிகளுக்கு ஃபோரம். டிஸ்கோர்ஸ் நல்லதா, பிஎச்பிபிபி நல்லதா?

இரண்டுமே இலவச ஃபோரம் மென்பொருள்கள். உங்களிடம் இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிரும் சர்வர்) என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் டிஸ்கோர்ஸ் அங்கே ஏறாது. அதற்கு டாக்கர் என்ற மென்பொருள் ஓடும் சொந்த விபிஎஸ் (உங்களுக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) வேண்டும், குறைந்தது 1 ஜிபி ரேமும் ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது உதவும் வட்டு இடம்) வேண்டும், 2 ஜிபி இருந்தால் நிம்மதி. பிஎச்பிபிபி 3.3-க்கு பிஎச்பி 7.2 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பும் ஒரு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் போதும். பிஎச்பிபிபி-யையே எடுங்கள். தோற்றம் கொஞ்சம் பழசு, தென்னைக்கு வெள்ளை ஈ வந்தவர் அதைப் பார்க்கப் போவதில்லை.

நிறுவி முடித்ததும் இன்ஸ்டால் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். உள்ளே நுழைந்த மறுகணமே வெளியே தள்ளினால் குக்கீ அமைப்பைப் பாருங்கள்: டொமைன் சரியா, எச்டிடிபிஎஸ் இருந்தால் 'செக்யூர்' ஆன் ஆகியிருக்கிறதா. நோய் பிடித்த மட்டையைப் படமெடுத்துப் போடுவார்கள், அதற்கும் தயாராகுங்கள். பிஎச்பி-யில் பதிவேற்ற எல்லை இயல்பாக 2 எம்பி. போன் படங்கள் அதைச் சுலபமாகத் தாண்டும். ஹோஸ்டிங் பேனலில் அப்லோட் எல்லையை 8 எம்பி ஆக்கினால் போஸ்ட் எல்லையை 10 ஆக்குங்கள். பின்னது சிறியதாக இருந்தால் படம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

குமுளி வாசகர்: எங்கள் பிஎச்பிபிபி ஃபோரத்தில் தினமும் போலிக் கணக்குகள்.

பதிவு செய்பவர் மனிதரா என்று சோதிக்கும் கேப்ட்சாவை கேள்வி–பதில் வகைக்கு மாற்றி, உள்ளூர்க் கேள்வி வையுங்கள். 'கம்பத்திலிருந்து கேரளத்துக்குள் ஏற, குமுளி தவிர இன்னொரு பாதை எந்த மெட்டு வழியாக?' கம்பம்மெட்டு, கம்பம் மெட்டு, கம்பமெட்டு என்று எல்லா எழுத்துக்கூட்டல்களையும், ஆங்கில, மலையாள வடிவங்களையும் வரிக்கு ஒன்றாகக் கொடுங்கள். விட்டால் சொந்த ஊர்க்காரரே வெளியே நிற்பார். முல்லைப் பெரியாறு பற்றி மட்டும் கேள்வி வேண்டாம், ஃபோரம் திறக்கும் முன்பே சண்டை வந்துவிடும். புதிய உறுப்பினரின் முதல் 3 பதிவுகள் ஒப்புதலுக்குப் பிறகே வெளிவரும்படி விடுங்கள்.

மறையூர் வாசகி: வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் கட்டுரையின் முகவரி பாதியில் நின்றுவிடுகிறது.

முகவரியில் கட்டுரையைக் குறிக்கும் பகுதி ஸ்லக். வேர்ட்பிரஸ் அதற்குத் தருவது 200 இடம்தான். ஒரு தமிழ்க் குறியீடு சதவீதக் குறிகளோடு 9 இடம் பிடிக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். ஆக 22 குறியீட்டோடு சரி. ஸ்லக்கை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். வெளியிட்ட பிறகு பழைய கட்டுரைகளின் ஸ்லக்கைத் தொடாதீர்கள், வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் கெட்டுப்போகக்கூடும்.

புத்தூர் வாசகர்: பதிவு செய்பவர்களுக்கு ஆக்டிவேஷன் மெயில் போய்ச் சேருவதில்லை.

பிஎச்பி-யின் மெயில் ஃபங்ஷனை நிறுத்திவிட்டு, மெயில் சர்வரில் உள்நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி-க்கு மாறுங்கள். டொமைனின் டிஎன்எஸ்-இல் மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் சேருங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இதில் கண்டிப்பு. ஜிமெயில் கணக்கு வழியாகவே அனுப்புவதென்றால் வழக்கமான பாஸ்வேர்டு ஏற்காது. இரண்டு படி உறுதிப்பாட்டை ஆன் செய்து, 'ஆப் பாஸ்வேர்டு' எடுத்து அதைக் கொடுங்கள்.